மூன்று முதல் ஆறு வயது வரை: நேரடிப் பயிற்சியா, விளையாட்டா, மாண்டிசோரியா?

ஒரு பாடம் குழந்தையின் வயதுக்கு ஏற்றதா என்பதைப் பாடப்பொருளின் பெயரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அது குழந்தையின் கையிடமும் கவனத்திடமும் பொறுமையிடமும் எவ்வளவு கேட்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மழலையர் வகுப்புகளில் இன்று போட்டியிடும் மூன்று வழிகளை இந்த அளவுகோலைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.

ஆசிரியர் முன்னின்று எழுத்தையும் எண்ணையும் சொல்லித்தரும் நேரடிப் பயிற்சிக்கு மறுக்க முடியாத ஒரு நியாயம் உண்டு. இந்த எழுத்துக்கு இந்த ஒலி என்பது மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்பதால், எவ்வளவு விளையாடினாலும் குழந்தை அதைத் தானாகக் கண்டுபிடித்துவிடாது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். பயிற்சி நடக்கும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகள் ஆறு வயதிலும் முழுமையாக உருவாகி முடிவதில்லை. அந்தக் கையில் மூன்று வயதிலேயே பென்சிலைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதவைக்கும்போது, குழந்தை எழுத்தைவிட எழுத்தின் மீதான வெறுப்பையே விரைவில் கற்றுக்கொள்கிறது. எண்களிலும் இதே நிலைதான். இருபது வரை தடையின்றி ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையின் முன் இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் காசுகளை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் சற்று விரித்துவைத்தால், நீண்ட வரிசையில்தான் அதிகக் காசுகள் இருப்பதாகப் பெரும்பாலும் சொல்லும். சுவிஸ் உளவியலாளர் பியாஜே காட்டிய இந்த எளிய சோதனை, ஒப்பித்தலும் புரிதலும் வேறு வேறு என்பதைக் கண்முன் நிறுத்துகிறது.

சீக்கிரம் தொடங்கினால் நிலையான முன்னிலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்கு முன் தடுமாறுகிறது. நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளை 7 வயதில் தொடங்கியவர்களோடு ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 11 வயதில் வாசிப்புத் திறனில் இரு சாராரும் சமமாகவே இருந்தனர்.

விளையாட்டுவழிக் கற்றலின் பெரிய வலிமை, குழந்தை தன்னைத் தானே அடக்கியாளப் பழகுவது. “அசையாமல் நில்” என்று கட்டளையிட்டால் சில நொடிகளில் நெளியும் குழந்தை, காவலாளியாக நடிக்கும்போது அதைவிட நெடுநேரம் நிற்பதைச் சோவியத் உளவியலாளர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள். கதையும் பேச்சும் சொல்வளமும் இங்கேதான் செழிக்கின்றன. ஆனால் பெரியவர் ஒதுங்கிக்கொண்டால் பலன் பாதியாகிவிடும். குழந்தை கட்டும் கோபுரம் ஏன் சரிந்தது என்று பக்கத்தில் அமர்ந்து கேட்கவும், அதன் அரைகுறைப் பதிலை முழு வாக்கியமாக நீட்டித் தரவும் ஒருவர் வேண்டும்.

1907ஆம் ஆண்டு ரோம் நகரில் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறை, எழுதுதல் என்ற ஒரே செயலில் ஒளிந்திருக்கும் சிரமங்களைத் தனித்தனியே பிரித்தது. அதுவே அதன் மேதைமை என்று கருதுகிறேன். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி வடிவத்தை உணர்வது ஒன்று. உலோகச் சட்டங்களின் ஓரமாகக் கோடிழுத்துப் பென்சில் பிடிக்கப் பழகுவது மற்றொன்று. வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைப்பது இன்னொன்று. கை தயாராகும் வரை மனம் காத்திருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு அளவுக் குழிகள் கொண்ட மரக்கட்டையில் உருளைகளைத் தவறான குழியில் செருகினால் கடைசி உருளைக்கு இடமிராது. பிழையை ஆசிரியர் சொல்வதற்கு முன் பொருளே சொல்லிவிடுகிறது. இருப்பினும் பாவனை விளையாட்டுக்கு இம்முறை தரும் இடம் குறைவு. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத வகுப்பில் இப்பொருள்கள் வெறும் அலமாரி அலங்காரமாகிவிடும் அபாயமும் உண்டு.

மூன்று, நான்கு வயதுகளுக்கு விளையாட்டையும் பேச்சையுமே மையமாக வைத்து, கைக்கு மாண்டிசோரிப் பொருள்களைத் தருவேன். ஐந்து வயதையொட்டி, எழுத்தொலிகளைத் தெளிவாகச் சொல்லித்தரும் நேரடிப் பயிற்சியை நாளுக்குப் பத்து நிமிடம் சேர்ப்பேன். வகுப்பைத் தேர்ந்தெடுக்கச் செல்லும் பெற்றோர், சுவரில் தொங்கும் எழுத்து அட்டைகளை விட்டுவிட்டு, ஒரு குழந்தை தவறு செய்யும் கணத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை அரை மணி நேரம் அமர்ந்து கவனிக்கட்டும்.