கேம்ப் காட்: பிள்ளையின் முதல் வருஷத்துக்குத் தாங்குமா?

டர்பனில் பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்குக் கேம்ப் காட் என்ற மடக்குக் குழந்தைக் கட்டில் நல்ல தோது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சின்ன அறையில் அடங்கும். மடித்துக் காரில் போட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பாட்டி வீட்டுக்கும் கொண்டுபோகலாம். பச்சைப் பிள்ளையைப் படுக்க வைக்கக் கழற்றி மாட்டும் மேல்தட்டு, வளர்ந்த பிறகு கீழ்த்தட்டு, வலைச் சுவர், ஓரத்தில் ஒரு ஜிப், ஒரு பக்கம் சக்கரம். பிராண்டு எதுவானாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். வாங்கலாம் என்பதே எங்கள் கணிப்பு. ஆனால் முதல் வருஷத்தில் குழந்தையின் தூக்கம் நாலைந்து தடவை மாறும். அதற்கேற்ப இந்தக் கட்டிலையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். அந்த மாற்றங்களைச் செய்யாவிட்டால் நல்ல கட்டிலும் ஆபத்தாகிவிடும்.

விரிப்பதில்தான் முதல் சிக்கல். நாலு விளிம்புக் கம்பிகளையும் மேலே இழுத்து, டக்கென்று பூட்டு விழுந்த பிறகுதான் கட்டில் அடித்தட்டின் நடுவில் இருக்கும் குமிழைக் கீழே அமுக்க வேண்டும். நடுவை முதலில் அமுக்கினால் கால்கள் விரிந்து துணி இறுகிவிடும், கம்பி பூட்டாது. மடிப்பது தலைகீழ்: முதலில் நடுவைத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொரு கம்பியையும் சற்று மேலே தூக்கியபடி பொத்தானை அழுத்தினால் இறங்கும். தூக்காமல் அழுத்தினால் எவ்வளவு பலம் போட்டாலும் அசையாது.

முதல் மூன்று மாதத்துக்கு மேல்தட்டு அருமை. பச்சைப் பிள்ளை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. ஒரு தூக்கச் சுற்று சுமார் 50 நிமிடம். அதில் பாதி, கண் உருள, கை கால் உதற, முனகிக்கொண்டே தூங்கும் தூக்கம். முனகல் கேட்டதும் தூக்கிவிட்டால் தூங்குகிற பிள்ளையை நாமே எழுப்பியதாகும். வலைச் சுவர் இங்கேதான் கைகொடுக்கிறது: பெரியவர்கள் படுக்கையை ஒட்டிப் போட்டால், எழாமலே கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. டர்பன் புழுக்கத்துக்கும் வலை நல்லது. காற்று தடையில்லாமல் போகும். அதன் மேல் துணி போர்த்தி அந்த நன்மையைக் கெடுக்காதீர்கள்.

இரவு பகல் வித்தியாசம் உடம்புக்குப் பிடிபடுவது இரண்டு மூன்று மாத வாக்கில், தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் ஒழுங்காகச் சுரக்கத் தொடங்கும்போது. அதற்கு முன் நேர அட்டவணை போட்டுப் பயனில்லை. பகலில் வெளிச்சமும் வீட்டுச் சத்தமும், இரவில் மங்கலும் தாலாட்டும் போதும்.

நாலாம் மாதம் பலரும் கட்டிலைக் குறை சொல்லத் தொடங்குவார்கள்: "நேற்றுவரை தூங்கினான், இப்போது மணிக்கொரு தரம் எழுகிறான், மெத்தை சரியில்லை போல." மெத்தைமேல் குற்றமில்லை. மூன்று நாலு மாதத்தில் பெரியவர்களைப் போலத் தூக்கத்துக்கு நிலைகள் உருவாகின்றன. ஒவ்வொரு சுற்று முடிவிலும் லேசாக விழிப்பு வரும். தோளில் தூங்கிய பிள்ளை கட்டிலில் கண் விழித்தால் இடம் மாறியிருப்பது தெரிந்து அழும். கண் சொக்கி, ஆனால் முழுக்கத் தூங்காத நேரத்தில் படுக்க வைத்துப் பழக்குங்கள். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலை என்று இறக்கினால் திடுக்கிடல் குறையும்.

ஆனால் கனமான மெத்தை வாங்கிப் போடாதீர்கள். இது எங்கள் கண்டிப்பான சொல். கட்டிலோடு கூட வரும் மடிப்பு மெத்தைப் பலகை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், தொட்டால் கட்டையாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். தனியாக வாங்கும் ஸ்பாஞ்சுக்கும் வலைக்கும் இடையே இடைவெளி விழும். வலை வெளியே நெகிழ்வதால் உருளும் பிள்ளையின் முகம் அதற்குள் சிக்கி மூச்சடைக்கலாம். தலையணை, பம்பர் (உள்பக்கம் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு), பொம்மை எதுவும் வேண்டாம். திருஷ்டிக்காகக் கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிற்றைப் படுக்கும்போது கழற்றிவிடுங்கள். காவலுக்கு இரும்பு வைக்கும் வீடுகளில் அதை மெத்தைக்கடியில் வைத்தால் பலகை சமனாக உட்காராது. அறை வாசலில் வையுங்கள்.

உருளத் தொடங்கும் அறிகுறி தெரிந்த நாளே பிள்ளையைத் துணியில் இறுகச் சுற்றுவதை நிறுத்த வேண்டும். கை ஊன்றி எழும்பப் பார்த்தால், அல்லது கைப்புத்தகத்தில் உள்ள எடை வந்துவிட்டால், எது முந்துகிறதோ அன்றே மேல்தட்டையும் மேலே தொங்கும் பொம்மைக் கம்பியையும் கழற்றுங்கள். கட்டில் மேல் மாட்டும் துணி மாற்றும் பலகை, பிள்ளை உள்ளே இருக்கும்போது எந்த வயதிலும் ஆகாது.

இந்தச் சாமானின் பெரிய குறை கீழ்த்தட்டுதான். ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் குனிந்து, தூங்கும் பிள்ளையைத் தரைமட்டத்துக்கு இறக்க வேண்டும். சிசேரியன் ஆன தாய்க்கும் முட்டுவலி உள்ள பாட்டிக்கும் இது கொடுமை. பல மரக் கட்டில்களிலும் பக்கவாட்டை இறக்க முடியாதே என்று சமாதானம் சொல்வார்கள். ஆனாலும் அங்கே மெத்தை இவ்வளவு தாழ்வில் இல்லை. முதுகு தாங்காதென்றால் வீட்டில் மரக் கட்டில், பயணத்துக்கு மட்டும் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஆறாம் மாதத்தில் மூன்றாக இருக்கும் பகல் தூக்கம், ஒன்பதில் இரண்டாகும். எட்டு முதல் பத்து மாதத்தில் அம்மாவைக் காணோமே என்ற ஏக்கமும், வலையைப் பிடித்து நிற்கும் வித்தையும் ஒன்றாக வரும். நிற்கத் தெரியும், உட்காரத் தெரியாது. பகலில் முட்டியை மடக்கி உட்காரப் பழக்கினால் நடுராத்திரி அழுகை சீக்கிரம் அடங்கும்.

டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். அதற்கு ஜன்னலுக்குக் கனத்த திரைதான் வழி. குளிர்காலத்தில், அதிலும் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியா போன்ற மேட்டு நிலத்தில், தரையோரம் ஜில்லென்று இருக்கும். ஒரு வயதுக்குள் போர்வை வேண்டாம், அளவான ஸ்லீப்பிங் பேக் (உடுப்புபோல மாட்டும் தூக்கப்பை) போடுங்கள்.

பழையது வாங்கினால் நாலு கம்பியையும் பூட்டி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். வலைத் துளையில் விரல் நுழைந்தாலோ, மெத்தையை அடியில் இழுத்துக் கட்டும் பட்டைகள் தொலைந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.