மலக்குழிக்குத் தோட்டத்து பம்மா, நீர்மூழ்கி மோட்டரா?

மாரி இறங்கினால் வன்னியில் குளத்துக்குக் கீழான காணிகளில் நிலத்தடி நீர் ஏறிவிடும். மலசலகூடக் குழி நீரை உறிஞ்சாது. கழிவை மேட்டில் கட்டிய செப்டிக் தாங்கிக்கு ஏற்றத்தான் வேண்டும்.

வீட்டில் கிடக்கும் தோட்டத்து வோட்டர் பம் காசு மிச்சம்; வெளியே நிற்பதால் திருத்தவும் லேசு. ஆனால் அது தெளிந்த தண்ணீருக்குச் செய்தது. ஒரு துணித்துண்டு போனாலே விசிறி அடைத்துவிடும். பெற்றோல் மிசினென்றால் குழி வாயில் வைக்கவே கூடாது. உள்ளே மீதேன் என்ற எரியும் வாயு இருக்கும், தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

என் தெரிவு கழிவுநீருக்கென்றே வரும் நீர்மூழ்கி மோட்டர். விலை கூடத்தான். ஆனால் மிதவை சுவிச் மட்டத்தைப் பார்த்துத் தானே ஓட்டி நிறுத்தும். கேபிளில் தொங்கவிடாமல் கைபிடியில் நைலோன் கயிறு கட்டி இறக்குங்கள். மேலேறும் குழாயில் ஒருவழி வால்வு வேண்டும். லைனில், மின் கசிந்தால் தானே வெட்டும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சும் எர்த்தும் கட்டாயம்.

மோட்டர் உறுமியும் நீர் வராவிட்டால் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கலாம், உடனே நிறுத்துங்கள். நிற்காமல் ஓடினால் மிதவை கயிற்றில் மாட்டியிருக்கலாம், அல்லது வால்வு கசிந்து நீர் திரும்பலாம். பிளக்கைக் கழற்றிய பிறகே கயிற்றால் மேலே இழுத்துப் பாருங்கள்.

குழிக்குள் மட்டும் இறங்காதீர்கள், தம்பிமாரே. அங்கே இருக்கும் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு கூடினால் மூக்குக்கு மணமே தெரியாது. ஒருவர் விழ, தூக்கப் போனவரும் விழுவார். மோட்டர் அடியில் சிக்கினால் பிரதேச சபையில் கேட்டு, கழிவகற்றும் பவுசரால் குழியை வெறுமையாக்கி, வெளியே நின்றே எடுங்கள்.