வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் 3200 ரேம்: பயாஸைத் தொட்டால்தான் முழு வேகம்

கார்செயர் நிறுவனத்தின் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் டிடிஆர்4 ரேமில், 8 ஜிபி அளவில் இரண்டு சேர்ந்து வரும் 16 ஜிபி தொகுப்பை, ரைசன் 5 5600ஜி பிராசஸர் கொண்ட மேசைக் கணினியில் பயன்படுத்தி வருகிறேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக் காட்சிக்கும் இதே ரேம்தான் உழைக்க வேண்டும். எனவே அதன் வேகம் இத்தகைய கணினியில் கண்கூடாகத் தெரிகிறது.

பெட்டியில் 3200 (நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு செல்லும் என்ற அளவு) என்று அச்சிட்டிருந்தாலும், பொருத்தியவுடன் அந்த வேகம் வந்துவிடாது. எந்த மதர்போர்டிலும் சிக்கலின்றி இயங்கத் தொடங்க வேண்டும் என்பதற்காக, இது முதலில் 1.2 வோல்ட்டில் 2133 வேகத்தில்தான் ஓடும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புப் பகுதிக்குள் சென்று, ரேமில் தயாரிப்பாளர் முன்பே பதிந்துவைத்த வேக அமைப்பான எக்ஸ்எம்பியை இயக்கிச் சேமித்த பிறகே 1.35 வோல்ட்டில் 3200 கிடைக்கும். ஆசுஸ் போர்டுகள் சிலவற்றில் இதற்கு டிஓசிபி என்று பெயர். இந்த ஒரே மாற்றத்தால், இரண்டு ரேமும் தனித்தனிப் பாதையில் இயங்கும் இரட்டைச் சேனலில் நொடிக்குச் சுமார் 34 ஜிபியாக இருந்த உச்சப் பரிமாற்றத் திறன் 51.2 ஜிபியாக உயர்கிறது. கேட்ட தரவைத் தரத் தொடங்க ரேம் எடுக்கும் நேரமான சிஎல் தாமதமும் ஏறத்தாழ 14 நானோ நொடியிலிருந்து 10க்கு இறங்குகிறது. விளையாட்டுகளில் காட்சி தடுமாறுவது நன்றாகவே குறைகிறது. கடிதம் தட்டச்சு செய்வதிலும் இணையம் பார்ப்பதிலும் பெரிய வேறுபாடு இல்லை.

நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில், பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் ரேமைப் பொருத்த வேண்டும்; இரண்டையும் ஒரே சேனலில் செருகினால் பரிமாற்றத் திறன் பாதியாகிவிடும். கணினியின் பாக விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டுவதைக் கண்டு கலங்க வேண்டாம். அது காட்டுவது கடிகாரத் துடிப்பு; ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு செல்வதால் அதுவே 3200.

சிஎல் மதிப்புகளைக் கையால் இன்னும் குறைக்கலாம்தான். ஆனால் அதில் கிடைக்கும் சிறு ஆதாயத்துக்காக, கோப்புகள் சத்தமின்றிச் சிதையும் ஆபத்தை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எக்ஸ்எம்பியோடு நிறுத்திக்கொண்டாலும் ரேமில் பிழை வருகிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86 சோதனையை ஓடவிடுவது அவசியம். அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு வேண்டாம்.

உயரம் குறைவாக இருப்பதால் பெரிய கூலருக்கு அடியிலும் இது இடிக்காமல் அமர்கிறது. ஒரே பெயரில் வெவ்வேறு டைமிங் (சிஎல் போன்ற தாமத அளவுகள்) கொண்ட தொகுப்புகளும் விற்கப்படுவதால், இன்று ஒன்று, பிறகு ஒன்று என்று வாங்காமல் இணையாகவே வாங்குங்கள். டிடிஆர்5 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.