நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் வீட்டு நலங்கு மாவு

அழகு நிலையச் செலவை மிச்சப்படுத்த எண்ணி, எங்கள் பகுதி நாட்டு மருந்துக் கடையொன்றில் பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றை வாங்கி, நிழலில் உலர்த்தி, அரைத்து, மெல்லிய துணியில் சலித்து நலங்கு மாவு தயாரித்தேன். சரக்கு புதியதாகவே இருந்தது. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே வெட்டிவேர் மணந்தது. குறை அவற்றோடு வாங்கிய கஸ்தூரி மஞ்சளில்தான். உண்மையான கஸ்தூரி மஞ்சள் கற்பூரம் கலந்தாற்போல் மணக்கும். தோலில் நிறத்தை அதிகம் ஒட்டவிடாது. எனக்குக் கிடைத்ததோ முகத்தை இரண்டு நாள் மஞ்சளாகவே வைத்திருந்தது. கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அங்கேயே வாங்கிய லாவெண்டர் எண்ணெய் நன்று என்றாலும், குப்பியில் பயன்படுத்தும் அளவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இத்தகைய நறுமண எண்ணெய்களை நேரடியாகத் தோலில் தடவக் கூடாது. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 9 துளிகள் போதும், அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. பழத்தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் சிவந்து எரியக்கூடும் என்பதால் அதை வாங்கவில்லை. கண்ணாடிச் சீசாவில் வைத்த மாவில் மூன்று மாதமாகியும் வண்டு விழவில்லை.