ஆர்ச்சர் சி6 ரவுட்டர்: பெட்டியில் 1200, கைக்கு வருவது எவ்வளவு?

டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 867 மெகாபிட், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300. இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியதுதான் அந்த 1200. போன் ஒரு நேரத்தில் ஏதோ ஒன்றில்தான் இணையும். அந்த 867கூட ரேடியோ இணைப்பின் வேகம்தான். ரவுட்டர் பக்கத்திலேயே சோதித்தாலும் அதில் ஏறக்குறைய பாதியோ கொஞ்சம் கூடுதலோதான் கிடைக்கும். பெயரில் 6 இருந்தாலும் இது வைஃபை 5.

ஆனாலும் இதை வாங்கச் சொல்வேன். காரணம், பின்னால் உள்ள போர்ட்டுகள்: வான் (இணைய கேபிள் வரும் போர்ட்) ஒன்று, லேன் (வீட்டுக் கருவிகளுக்கானது) நான்கு, ஐந்துமே கிகாபிட் (1000 மெகாபிட்). அதே ஏசி1200 முத்திரையோடு வரும் ஆர்ச்சர் சி50இல் எல்லாம் 100 மெகாபிட் போர்ட்டுகள். 200 மெகாபிட் பிளான் போட்டாலும் அதில் 95ஐத் தாண்டாது. வாங்குமுன் பார்க்க வேண்டியது இதைத்தான், ஆன்டெனா எண்ணிக்கையை அல்ல.

சி6 வைத்தும் வேகம் 94, 95இலேயே நின்றால் கேபிளைச் சோதியுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் வரும் இரண்டு ஜோடி போதும். கேபிள் முனையில் பிளக்கை கிரிம்ப் செய்தபோது (அழுத்திப் பொருத்தியபோது) மற்ற கம்பிகளில் ஒன்று சரியாக உட்காராவிட்டால் நெட் நிற்காது, 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். அதனாலேயே பலருக்கு இது தெரிவதில்லை. கேட்5இ வகை கேபிள் போதுமானது.

ஃபைபர் இணைப்போடு வீட்டில் வைக்கும் பெட்டியான ஓஎன்டி பெரும்பாலும் தானே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் சி6ஐ அப்படியே செருகினால் இரட்டை நாட் ஆகும், அதாவது இரண்டு ரவுட்டர்களும் அடுத்தடுத்து ஐபி முகவரியை மாற்றும். வெளியிலிருந்து வீட்டுக் கருவியை அணுக வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் சொதப்பும். ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சேவை நிறுவனத்திடம் சொல்லி, இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் சி6இல் போடுவது நல்ல வழி. முடியாவிட்டால் சி6ஐ ஆக்சஸ் பாயின்ட் மோடில் (ரவுட்டர் வேலை பார்க்காமல் வைஃபை தரும் நிலை) வையுங்கள். ஐபி வழங்கும் வேலையை ஓஎன்டி பார்த்துக்கொள்ளும். பிரிட்ஜ் செய்த பிறகும் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை. ரவுட்டரில் எதை மாற்றினாலும் போர்ட் திறக்காது; சேவை நிறுவனத்திடம் பொது ஐபிதான் கேட்க வேண்டும்.

2.4இல் சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததை எடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு கனமான சுவர்களைத் தாண்டும்போதே தளர்ந்துவிடும். அந்தத் தொலைவு அறைக்கு கேபிள் இழுப்பதே சரி. 500 மெகாபிட்டுக்கு மேல் பிளான் வைத்து வைஃபையிலேயே முழு வேகமும் வேண்டும் என்பவர்களுக்கு இது பற்றாது.