ஃபிக்ஸி என்று சொல்லி 13,800 ரூபாய்க்கு வெல்டிங் வைத்த ஃப்ரீவீலை விற்றுவிட்டார்கள்

போன வியாழக்கிழமை காலை அவனியாபுரத்திலிருந்து புதிதாக வாங்கிய ஃபிக்ஸி வகைச் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பி, தெற்குவாசல் பாலத்தின் உச்சியைக் கடந்து நகரப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் காய்கறி ஏற்றிய குட்டியானை ஒன்று திடீரென்று நின்றது. வேகத்தைக் குறைப்பதற்காக, ஃபிக்ஸியில் எல்லோரும் செய்வதுபோல், பெடலைப் பின்னோக்கி அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் பெடல் இரண்டும் எதிலும் பிடிமானம் இல்லாமல் பின்பக்கமாகச் சுழன்றன. என் சொந்தச் செலவில் முன் பிரேக் ஒன்று மாட்டி வைத்திருந்ததால் முழங்கால் சிராய்ப்போடும் கிழிந்த கால்சட்டையோடும் தப்பினேன். “ஃபிக்ஸிக்கு பிரேக் எதுக்குண்ணே, லுக்கே போயிரும்” என்று விற்றவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் செய்யும் வேலை அது. ஃபிக்ஸியில் அது கிடையாது. பல்சக்கரம் நேராக ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், முறுக்கப்பட்டிருப்பதால் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், பெடலைத் தடுத்தால் சக்கரமும் தடுக்கப்படும். கியர் மாற்றும் கருவிகள் எதுவும் இல்லாததால் பராமரிப்புச் செலவு குறைவு. மதுரைச் சாலைகளில் பாலங்களை விட்டால் பெரிய ஏற்றமும் இல்லை. முன்னால் 46 பல், பின்னால் 16 பல் என்றால் ஒரு சுற்று மிதித்தால் ஏறத்தாழ 6 மீட்டர் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தெப்பக்குளத்தைச் சுற்றி வரும் பையன்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. குறைந்த விலையில் ஒன்று போதும் என்று, மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணத்திலிருந்து 13,800 ரூபாயை ஒதுக்கினேன். வீட்டில் மிக்சி மாற்ற வேண்டும் என்று சொல்லி வைத்திருந்த பணம் அது.

வாங்கியது ஓர் இணைய விற்பனைத் தளத்தில். விற்றவர் அந்தத் தளத்தில் பதிவு செய்துகொண்டு வேறு ஊரிலிருந்து சைக்கிள் அனுப்பும் வியாபாரி. நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இரவு ஒன்பதரை மணிக்கு வீடியோ அழைப்பில் வரச் சொன்னேன், வந்தார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலை முன்னால் சுழற்றிக் காட்டினார், சக்கரம் முன்னால் சுழன்றது. பின்னால் சுழற்றிக் காட்டினார், சக்கரமும் பின்னால் சுழன்றது. “லாக்ரிங் இருக்கிறதா?” என்று, பல்சக்கரம் கழலாமல் பிடிக்கும் வளையத்தைப் பற்றி நானே கேட்டேன். “எல்லாம் கம்பெனி ஃபிட்டிங்குண்ணே” என்றார். கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவர், தன் பூர்வீகமும் மேலூர்ப் பக்கம்தான் என்றும், சித்திரைத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றும் சொல்லிவிட்டார். “நம்ம ஊருக்காரரை ஏமாத்திட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வருவேன்?” என்று அவர் சிரித்த அந்த ஒரு நிமிடத்தில்தான் 13,800 ரூபாய் என் கையை விட்டுப் போனது.

பெட்டி ஒரு திங்கட்கிழமை வந்தது. பாதி பூட்டிய நிலையில் வந்ததால் சனிக்கிழமை வரை காத்திருந்து, எங்கள் தெருமுனையில் பல ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொடுத்து ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் பூட்டி, பெண்டு எடுத்து, பிரேக்கையும் மாட்டினேன். பின்சக்கரம் பூட்டியே வந்ததால் அதை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. ஒருபக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் என்று மாற்றிக்கொள்ளும் ஹப் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் மறுபக்கம் மரையே இல்லாமல் மொட்டையாக இருந்தது. அதைப் பார்த்தபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு அதே பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பல்சக்கரத்தின் மேல் இருந்த கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார். பெயின்டு உதிர உதிர, உள்ளே மூன்று இடங்களில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்திருந்தது தெரிந்தது. அது ஃபிக்ஸியின் பல்சக்கரமே அல்ல. சாதாரண ஃப்ரீவீல் ஒன்றை வாங்கி, அது தனியாகச் சுழல முடியாதபடி வெல்டிங் வைத்து அடைத்து, மேலே பெயின்டு பூசியிருக்கிறார்கள். அதை அவர் கையாலேயே பின்பக்கம் திருப்பினார். மருந்துப் பாட்டில் மூடிபோல் கழன்று வந்தது. “முன்னாடி மிதிச்சா இறுகும் தம்பி, பின்னாடி மிதிச்சா கழலும். மரை அப்படித்தான் வெட்டியிருக்கு. இதைக் கழலாமப் பிடிக்கிறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லையே” என்றார்.

சூட்சுமம் முழுவதும் அந்தப் பேச்சில் இருக்கிறது. உண்மையான ஃபிக்ஸி ஹப்பில் இரண்டு மரைகள் படிபோல் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பெரிய மரையில் பல்சக்கரம் ஏறும். அதற்கு வெளியே சற்றுச் சிறிய மரை, இடப்பக்கம் திருப்பினால் இறுகும்படி எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதில்தான் லாக்ரிங் ஏறும். பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயன்றால், அதே திசை லாக்ரிங்கை மேலும் இறுக்கும். ஃப்ரீவீல் ஹப்பில் அந்த இரண்டாவது மரை கிடையாது. வீடியோவில் எனக்குக் காட்டிய வித்தையும் இப்போது புரிகிறது: கையால் மெதுவாகச் சுழற்றினால் வெல்டிங் வைத்த ஃப்ரீவீலும் பின்னால் சுழலத்தான் செய்யும். ஆள் ஏறி இறக்கத்தில் அழுத்தினால்தான் கழலும்.

அன்று மாலையே விற்றவரை அழைத்தேன். முதல் நாள், “ஃபோட்டோ அனுப்புங்கண்ணே, டெக்னிக்கல் டீம்கிட்ட காட்டுறேன்” என்றார். எட்டுப் படங்கள் அனுப்பினேன். இரண்டாம் நாள், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்றார், என்னிடம் இல்லை. மூன்றாம் நாள், உள்ளூர் மெக்கானிக் கை வைத்துவிட்டதால் பொறுப்பேற்க முடியாது என்றார், அதுவும் ‘அண்ணே’ போய் ‘சார்’ என்று. நான்காம் நாளிலிருந்து என் எண்ணை எடுப்பதில்லை. மேலூர்க்காரரின் பூர்வீகப் பாசம் மூன்று நாள் தாங்கியது.

தளத்தின் கதை இன்னும் மோசம். திருப்பி அனுப்பும் கெடு 7 நாள் என்றும், நான் புகார் செய்தது அதைத் தாண்டி என்றும் பதில் வந்தது. கெடு முடிவதற்கு முந்தின நாள்தான் நான் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தேன் என்பதையும், உயிருக்கு ஆபத்தான பொருள் இது என்பதையும் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே வாசகம் திரும்பி வந்தது. கடைசியில் 500 ரூபாய்க் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள்; 13,800 ரூபாய்க்கு 500 ரூபாய், அதுவும் அவர்களிடமே மறுபடி வாங்குவதற்கு. நான் மறுத்த பத்தாவது நிமிடத்தில் “தங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?” என்று குறுஞ்செய்தி வந்தது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அலுவலருக்குத் தனியாக அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றோடு நான்கு நாளாகிறது. பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிகூட வரவில்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபத்தில் எதுவும் ஓடவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். பணம் கட்டுமுன் பின் ஹப்பைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் கேளுங்கள்; பல்சக்கரத்துக்கு வெளியே, விளிம்பில் வெட்டுகள் உள்ள தனி வளையம் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். வந்ததும் முதல் வேலையாகப் பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், சனிக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். முன் பிரேக் இல்லாமல் ஏறாதீர்கள். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அங்கே காட்டுவதற்கு ரசீது இருக்கிறது, கழன்ற ஃப்ரீவீல் இருக்கிறது. விற்றவரின் முகவரியும் ‘ஃபிக்ஸட் கியர்’ என்ற எழுத்தும் அச்சிட்டிருந்த அட்டைப்பெட்டியை மட்டும் சைக்கிள் பூட்டிய அன்றே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். நீங்கள் அதைப் போட்டுவிடாதீர்கள்.