ஃபிட்ஸ்ஜெரால்டா, ஸ்வீப்ஸ்டேக்ஸா? மூழ்கிய இரண்டு கப்பல்களில் எதைப் பார்க்கப் போகலாம்?

வட அமெரிக்காவின் பேரேரிகளில் மூழ்கிய கப்பல் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டுதான். 729 அடி நீளச் சரக்குக் கப்பல். சுமார் 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளோடு 1975 நவம்பர் 10 இரவு சுப்பீரியர் ஏரிப் புயலில் மூழ்கிப் போனது. 29 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பின்னால் வந்த ஆண்டர்சன் கப்பல் நிலவரம் கேட்டபோது, ‘சமாளித்துக்கொண்டிருக்கிறோம்’ என்றார் ஃபிட்ஸ்ஜெரால்டின் கேப்டன் மெக்சோர்லி. அதுதான் கடைசிப் பேச்சு. சில நிமிடங்களில் ரேடாரில் கப்பலைக் காணோம்.

சரி, போய்ப் பார்க்கலாமா என்றால் முடியாது. 530 அடி ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அனுமதியில்லாமல் கிட்டே போகக் கூடாது. 1995-இல் எடுத்துவந்த அதன் மணியை மிச்சிகனின் ஒயிட்ஃபிஷ் பாயிண்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மணி இருந்த இடத்தில் 29 பெயர்களும் பொறித்த வேறொரு மணியை வைத்துவிட்டு வந்தார்கள்.

ஸ்வீப்ஸ்டேக்ஸ் நேர்மாறு. 1867-இல் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். 1885-இல் கோவ் தீவருகே அடிபட்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து டோபர்மோரி துறைக்கு இழுத்துவரப்பட்டு அங்கேயே மூழ்கியது. ஏற்றிவந்த நிலக்கரியைக்கூட மீட்டுவிட்டார்கள். இன்று சுமார் 20 அடி நீருக்குள் இருக்கிறது. கண்ணாடித் தளப் படகில் உட்கார்ந்தபடியே மேல்தளப் பலகைகளைப் பார்க்கலாம். குளிர்ந்த நன்னீரில் மரம் அரிக்கும் கடற்புழு கிடையாது, அதனால்தான் உடல் இன்னும் அப்படியே நிற்கிறது.

குழந்தைகளோடு போனால் யோசிக்கவே வேண்டாம், டோபர்மோரிதான். தனியாகப் போனால் நான் அந்த மணியின் முன்னால்தான் நிற்பேன்.